கேட்கக் கூசிய கேள்விகளுக்கு விடை தேடியவர்கள்

1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா. இருவர் இறந்துவிட்டனர். ஐவரும் ஓரினச் சேர்க்கையாளர்கள். பின்னாளில் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோயின் முதல் பதிவு அதுவே.

நோய் எப்படிப் பரவுகிறது? எப்படித் தற்காத்துக்கொள்வது? யாரிடம் கேட்பது? ஓரினச் சேர்க்கை 1986இல்கூட 24 மாநிலங்களில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. வெளியே தெரிந்தால் வேலை போகும், குடும்பம் ஒதுக்கும். ஆகவே, பாதிக்கப்பட்டவர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆனார்கள்.

1982இல் நியூயார்க்கில் தொண்டூழியர் ஒருவர் தம் வீட்டுத் தொலைபேசியையே உதவிச் சேவையாக்கினார். முதல் இரவிலேயே சுமார் 100 அழைப்புகள் வந்தன. மறு ஆண்டு, நோயுற்றிருந்த மைக்கல் கேலன், ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ் இருவரும் மருத்துவர் ஜோசப் சோனபெண்டின் ஆலோசனையுடன் 40 பக்கக் கையேடு ஒன்றை வெளியிட்டனர். நோய்க்கு அவர்கள் கூறிய காரணம் பின்னர் தவறாயிற்று. ஆனால், ஆணுறை அணியுங்கள் என்ற அறிவுரை நிலைத்தது, உயிர்களைக் காத்தது.

அதே 1983இல் டென்வர் நகரில் கூடிய நோயாளிகள், தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிவித்தனர். 1987இல் தோன்றிய 'ஆக்ட் அப்' இயக்கத்தினர் அதற்குத் தங்களைத் தகுதிப்படுத்திக்கொண்டனர். ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர் அவர்களுக்கு மருந்தியல் கற்பித்தார். அவர் ஓரினச் சேர்க்கையாளர் அல்லர். படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். 1988 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தை முற்றுகையிட்டபோது, அவர்கள் கையில் முழக்கம் மட்டுமல்ல, மருந்துச் சோதனைகளை எப்படி விரைவுபடுத்தலாம் என்ற விளக்கமும் இருந்தது. பின்னர் ஆய்வுக் குழுக்களிலேயே அவர்களுக்கு இடம் கிடைத்தது. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கேலன் அதைக் காணவில்லை, 1993இல் மறைந்தார்.

இந்த வட்டாரமும் விலகி நிற்கவில்லை. கோலாலம்பூரில் 1987இல் 'பிங்க் டிரையேங்கல்' அமைப்பும், சிங்கப்பூரில் 1988இல் 'ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்' அமைப்பும் தோன்றின.

பாலியல் பற்றிய கேள்விகளுக்கு வாய்பொத்தி நிற்பதே பண்பாடு என்று எண்ணும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளை வேறெங்கோ கேட்கத்தான் செய்யும். அங்கே சரியான பதில் காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏது?