ஹெர்குலிஸும் அப்பாவின் முன்பல்லும்

பழைய சைக்கிள் வாங்கறவங்க பெல் அடிச்சுப் பார்ப்பாங்க, டயரை அமுக்குவாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு காசைக் கொடுத்துடுவாங்க. போன வாரம் நானும் அதைத்தான் செய்ய இருந்தேன். வேளச்சேரியில் எங்க பக்கத்துத் தெருக்காரர் வீடு காலி பண்றார். கருப்பு ஹெர்குலிஸ், ராடு பிரேக் வச்சது. "ஸ்கூலுக்கு இதுலயே போறேம்ப்பா"ன்னு பொண்ணு ஒத்தைக் காலில் நின்னா. எனக்கு அப்பாவோட முன்பல் ஞாபகம் வந்துடுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க :-)

ஹெர்குலிஸ் பிறந்தது 1910-ல், பர்மிங்காமில். பின்னாடி டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி கைக்குப் போச்சு. அவங்களும் நம்மூர் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-ல் ஆரம்பிச்சதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். தொழிற்சாலை அம்பத்தூரில். 1955-ல் ஆவடியில் குழாய் செய்யவும் தனிக் கம்பெனி வந்தது. கிண்டி தொழிற்பேட்டைக்கு (1958-ல் வந்தது) அப்பா வேலைக்குப் போனது அந்த அம்பத்தூர் வண்டியில்தான். முன் பாரில் நான், கேரியரில் அரிசி மூட்டை.

முன் போர்க்கு ஏன் நுனியில் முன்பக்கம் வளைஞ்சிருக்கு? அழகுக்கு இல்லீங்க. 1885-ல் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளிலேயே இந்த சமாச்சாரம் தொடங்கிடுச்சு. ஹேண்டில் தண்டின் சாய்வை அப்படியே தரைவரைக்கும் கோடா நீட்டுங்க. டயர் தரையைத் தொடற இடம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி இருக்கும். அதனாலதான் சக்கரம் தானா நேரா வருது. எவ்வளவு பின்னாடி என்பதை நிர்ணயிக்கறதில் அந்த வளைவுக்கும் பங்கு உண்டு. எதிலாவது மோதி போர்க்கு உள்ளே தள்ளிக்கிட்டா கணக்கு கெட்டுடும். ஹேண்டில் கனக்கும், திரும்பும்போது பெடல்ல இருக்கற கால் மட்கார்டில் இடிக்கும்.

அப்பா ஒரு மாட்டுவண்டி பின்னாடி மோதினார். அடி ஒண்ணும் இல்லை, போர்க்குதான் உள்ளே போச்சு. "புதுசு எதுக்கு சார், நிமிர்த்திடலாம்"னார் கடைக்காரர். குழாயை மாட்டி நெம்பினார், நேராயிடுச்சு. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு சின்னப் பள்ளம். போர்க்கு பட்டுன்னு உடைஞ்சு அப்பா முகம் தரையில். ரெண்டு முன்பல் போச்சு. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினா ஒடியுமே, அதே கதைதான்.

அதனால இந்த வண்டியை எங்க மெக்கானிக் கிட்ட தள்ளிக்கிட்டுப் போனேன். முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். 'கடக் கடக்'னு ஆட்டம். சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினா நேரா வரும்போது ஒரு இடத்தில் சிக்கி நிக்குது. கப்பில் பால்ரஸ் பள்ளம் பறிச்சிருக்காம். கப்பு மாத்தினா போச்சு, அது பெரிய விஷயம் இல்லை.

அடுத்து சக்கரம் போர்க்கில் இடது பக்கம் ஒதுங்கி இருந்தது. கழட்டி இடவலமா மாத்திப் போட்டார். இப்ப வலது பக்கம் ஒதுங்கியிருந்தா சக்கரம்தான் குற்றவாளி. ஆனா மறுபடியும் இடதுதான்! அப்ப கோளாறு போர்க்கில். தண்டை உருவினா உள்ளே துரு பொலபொலன்னு கொட்டுது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாமிலும் முங்கின வண்டியாம்.

இதுக்கும் புது போர்க்கு போட்டுடலாம்னு நான் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். மெக்கானிக் என் விரலைப் பிடிச்சு, ஹேண்டிலுக்குப் பின்னாடி கீழ்க்குழாயின் அடியில் தடவ வச்சார். பெயிண்ட் சுருங்கி சின்னதா ஒரு மேடு. மோதின வேகத்தில் ஃப்ரேமே நசுங்கியிருக்கு. "இதை மாத்த முடியாது சார்."

வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ரெண்டு நாளா பொண்ணு பேசலை. அவ தாத்தாவைப் பார்த்ததில்லை, போட்டோவில் மட்டும்தான். அதிலெல்லாம் அவர் வாயை மூடிக்கிட்டேதான் சிரிப்பார்.