வெள்ளத்துக்குப் பின் வரும் புண்: கேரள ஆற்றுமீன்களின் ஒரு நோய் வரலாறு

அகத்தியமலைப் பக்கத்துக் காடுகளில் பிறக்கும் கரமனையாறு, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து, திருவனந்தபுரத்தின் கரமனை அக்ரகாரத்தை ஒட்டி ஓடி, திருவல்லத்துக்கு அப்பால் கடலைத் தொடுகிறது. கோடையில் அதன் கடல்வாயான பொழிமுகத்தை மணல் அடைக்கும். மழை வலுத்தால் ஆற்றுவெள்ளம் பொழியை முட்டும். நீரின் உப்பு சில நாட்களிலேயே மாறிவிடும். கேரளத்தின் பல ஆறுகள் கடல்சேரும் இடத்தின் இயல்பும் இதுதான். இங்கு வாழும் மீன்களைத் தாக்கும் கொள்ளைப்புண் நோயின் வரலாற்றை, கிருமியை மட்டும் பின்தொடர்ந்து எழுதிவிட முடியாது. நீரின் வரலாறும் சேர்ந்தால்தான் அது முழுமைபெறும்.

1971இல் ஜப்பானின் ஓயிட்டா மாநிலத்தில் வளர்ப்பு ஆயு மீன்களில் இந்நோய் முதலில் பதிவானது. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் பகுதியில் மடவை மீன்களின் உடலில் சிவந்த புண்கள் காணப்பட்டன. தென்கிழக்காசியாவைக் கடந்து 1987 இறுதியில் இலங்கையையும், 1988இல் வங்கதேசத்தையும் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களையும் நோய் எட்டியது. 1991இல் அது கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இறங்கியது. விரால், கெண்டை, கரிமீன் எனக் காயலோரக் குடும்பங்களின் உணவும் பிழைப்புமான மீன்கள் தசை தெரியும் புண்களோடு மிதந்தன. இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனாலும் அச்சத்தில் மக்கள் மீனையே ஒதுக்க, நோயற்ற மீனும் விலைபோகவில்லை. மீன்களின் இழப்புக்குச் சற்றும் குறையாத துயரம் அது.

காரணம் தேடியவர்கள் நெடுங்காலம் பாக்டீரியாவிலும் வைரஸிலும் நின்றனர். புண்களில் ஏரோமோனாஸ் பாக்டீரியா ஏராளமாக இருந்ததால் அந்த ஐயம் இயல்பானதே. ஆனால் அது புண் உண்டான பிறகு குடியேறிய விருந்தாளி. 1990களில்தான் அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற நீர்ப்பூஞ்சையே மூலகாரணம் என்பது உறுதியாயிற்று. அதன் நீந்தும் வித்துகள் மீனின் தோலில் ஒட்டி, இழைகளாக வளர்ந்து தசையைத் துளைத்துச் செல்கின்றன.

கிருமி அகப்பட்டதும் தேடல் முடிந்திருக்கலாம். முடியாமல் போனது நல்லதாயிற்று. வித்து எப்போதும் நீரில் இருக்கக்கூடும் என்றால், குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் மீன் ஏன் சாகிறது? ஆய்வாளர்கள் காலினனும் சாமுட்டும் ஆஸ்திரேலிய முகத்துவாரங்களில் செய்த ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. கந்தகம் செறிந்த சதுப்புமண் கோடையில் காய்ந்து காற்றுப்படும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. முதல் பெருமழை அதை ஆற்றில் கழுவிவிடுகிறது. அமிலநீர் மீனின் மேல்தோலை அரிக்க, வித்துக்கு வழி திறக்கிறது.

வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய குட்டநாட்டின் கரிநிலங்கள் இதே வகை மண்ணைக் கொண்டவை. நெல்லுக்குக் கேடு செய்வதாகப் பல தலைமுறை உழவர்கள் அறிந்திருந்த அந்தப் புளிப்பு, மீனையும் தொடுகிறது. உப்பின் பங்கும் சிறிதல்ல. உப்பு ஆயிரத்துக்கு இரண்டு பங்கைத் தாண்டினால் பூஞ்சையின் வித்துகள் பெருகுவது தடைப்படுகிறது. மழைவெள்ளம் உப்பை விரட்டும்போது மீன்களுக்கு இருந்த அந்தக் காவலும் போகிறது. நீர் குளிர்ந்தால் மீனின் எதிர்ப்பாற்றல் மந்தமாகிறது. பூஞ்சையோ அந்தக் குளிரிலும் வளர்கிறது.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் இந்தக் காரணங்களை ஒருசேரக் கொண்டுவந்தது. வெள்ளத்துக்குப் பின் கேரள முகத்துவார மீன்களில் நோய் மீண்டும் பரவியதை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். வேம்பநாட்டில் முதலில் காணப்பட்டு ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. புதிய கிருமி எதுவும் தேவைப்படவில்லை. நீர் மாறியதே போதுமானதாக இருந்தது.

வளர்ப்புக் குளத்தில் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணிக்கலாம். ஓடும் ஆற்றில் அது நடக்காது. அங்கே நீரின் புளிப்பையும் உப்பையும் வெப்பத்தையும் தொடர்ந்து அளந்து, ஆபத்தை முன்கூட்டி அறியத்தான் முடியும். திருவனந்தபுரத்துக்கு இரு பருவமழையும் உண்டு. ஆகவே கரமனையாற்றின் பொழிமுகத்தில் இந்த அளவீடு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கி, துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் சில வாரங்கள் நீள வேண்டும்.