மதிலுக்குள் ஒரு மஞ்சள் சட்டை

1987 ஜூலை 1ஆம் திகதி ‘துர் த பிரான்ஸ்’ சைக்கிளோட்டம் பிரான்ஸில் அல்ல, மேற்கு பேர்லினில் தொடங்கியது. பேர்லினுக்கு 750 வயது நிறைந்ததைக் கொண்டாடுவதற்காக அந்த ஏற்பாடு. உண்மையில் 1237ஆம் ஆண்டு ஏட்டில் இருப்பது பேர்லினின் பெயரல்ல. ஸ்பிறே ஆற்றின் மறுகரையில் இருந்த கோல்ன் என்ற ஊரின் பெயர். பிறக்கும்போதே இரண்டாகப் பிறந்த நகரம் அது.

பிறந்தநாளும் இரண்டாகத்தான் நடந்தது. கிழக்கு தன் விழாவைத் தனியாக வைத்தது. அவர்களுக்கென்று ஒரு சைக்கிளோட்டமும் இருந்தது: ‘சமாதான ஓட்டம்’. கிழக்கு ஜேர்மனி, செக்கோஸ்லவாக்கியா, போலந்து ஆகிய மூன்று நாட்டுக் கட்சிப் பத்திரிகைகளும் சேர்ந்து நடத்திய போட்டி. பிக்காசோவின் புறாதான் அதன் சின்னம். 1987 மே மாதம் அது கிழக்கு பேர்லினில் புறப்பட்டு, பிராக் வழியாக வார்சோவுக்குப் போனது. வென்றவர் கிழக்கு ஜேர்மனியரான ஊவே அம்ப்ளர். ஆனால் பணத்துக்கு ஓடும் தொழில்முறை அணிகளில் சேர அவருடைய நாடு விடவில்லை. ஆகவே, இரண்டு மாதம் கழித்து மதிலுக்கு அந்தப் பக்கத்தில் தொடங்கிய ஓட்டத்தில் அவர் இல்லை.

மேற்கில் குர்பியூர்ஸ்டென்டாம் வீதியில் முதல்நாள் ஆறு கிலோமீற்றர் நேரச்சோதனை. மறுநாள் 105.5 கிலோமீற்றர், முழுவதும் மேற்கு பேர்லினுக்குள்ளேயே. அந்த நகரைச் சுற்றி நின்ற மதிலின் நீளமே ஏறத்தாழ 155 கிலோமீற்றர். அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, வீரர்கள் விமானத்தில் ஏறி மேற்கு ஜேர்மனிக்குப் போனார்கள். மிதித்துக்கொண்டு வெளியேற வழியில்லை.

அந்த மதிலில் இருந்த ஓட்டையை அறிந்தவர்கள் எங்கள் ஆட்கள். மேற்கு நாடுகள் அதைச் சர்வதேச எல்லையாக ஏற்காததால், மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஷோனபெல்டில் வந்திறங்கிய ஈழத்தமிழர்கள், பிரீட்றிக்ஸ்ராச நிலையத்தில் ரயில் மாறி மேற்கே போய் அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். 1985 நடுப்பகுதியில், மேற்கு விசா இல்லாத தமிழரை இனி ஏற்றிவர மாட்டோம் என்று கிழக்கு ஜேர்மனி உடன்பட்டது. சொந்த மக்களுக்கு மூடியிருந்த கதவு, அதுவரை எங்களுக்குச் சற்றுத் திறந்திருந்தது.

அதே 1985 மே மாதம், கிழக்கு பேர்லினில் முடிந்த சமாதான ஓட்டத்தில் லெக் பியாசெக்கி என்ற போலந்துக்காரர் வென்றிருந்தார். போலந்து அவரை இத்தாலியத் தொழில்முறை அணிக்குப் போக அனுமதித்தது. 1987 ஜூலை 2ஆம் திகதி மேற்கு பேர்லினில் முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்தவர் அவர்தான். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் அதை அணிந்தது அதுவே முதல் தடவை. இரண்டு வருட இடைவெளியில், ஒரே நகரத்தின் இரண்டு பக்கத்திலும் அவருக்கு மரியாதை கிடைத்தது. பேர்லினைவிட்டு வெளியேறியதும் மூன்றாம் கட்டத்தில் சட்டை கைமாறிவிட்டது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மதில் விழுந்த பிறகே கிழக்கு ஜேர்மனியர் வரமுடிந்தது. 1990 ஜூலையில் ஓலாப் லுட்விக் பாரிஸில் பச்சைச் சட்டையுடன் நின்றார். அவர் பிறந்த நாடு அன்றைக்கும் உலகப்படத்தில் இருந்தது, இன்னும் பத்து வாரத்துக்கு.