படைவீரனின் கனவும் இறப்பர் மரத்தின் காயமும்

எமது கல்முனைக் கரையில் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோரின் வீடுகள் பல. எப்போது லீவு கிடைக்கும், வந்ததும் எந்த வாகனத்தை வாங்கலாம் என்பதே அவ்வீடுகளின் பேச்சு. இதே ஆசைகளைச் சுமந்துகொண்டு, இரண்டாம் உலகப் போரின்போது இத்தீவில் பிரித்தானியப் படைவீரர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தனர். சாமானிய மனிதனின் அவ்வாசையை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தனர் என்று கேட்பது வரலாற்றின் கடமையாகும்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்பிரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. அந்த 9ஆம் நாளிலேயே மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 307 பேருக்கு இனி லீவும் இல்லை, வீடும் இல்லை.

உயிர் பிழைத்தோருக்கும் ஊர் தொலைவிலேயே இருந்தது. தென்கிழக்காசியப் போர்முனையில் நின்ற பிரித்தானியச் சிப்பாய் ஒருவன் தாயகம் திரும்பும் உரிமையைப் பெற, 1944இன் இறுதியிலே 3 ஆண்டும் 8 மாதமும் கழிந்திருக்க வேண்டும். 1945 ஜூனில் அது 3 ஆண்டும் 4 மாதமுமாகக் குறைக்கப்பட்டது.

திரும்பினாலும் மோட்டார் வண்டி எங்கே? அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா முழுவதும் பெற்றோல் பங்கீடு வந்தது. பெற்றோலை மிச்சப்படுத்துவதை விட டயர்களைத் தேயாமற் காப்பதே அதன் முதல் நோக்கம். மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் பறிபோனதால் உலகின் இறப்பர்க் களஞ்சியமே எதிரியின் கைக்குப் போயிருந்தது.

நேசநாடுகளுக்கு எஞ்சிய பெரிய ஊற்று இலங்கையே. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டன. மரத்தின் ஆயுள் குறைந்தாலும் இன்றைய பால் கிடைத்தாற் போதும் என்பதே போர்க்கால நியாயம். விடியுமுன் கத்தியும் வாளியுமாகப் புறப்பட்ட தொழிலாளியோ, பர்மா அரிசி நின்றுபோனமையால் கூப்பனுக்கு அளந்து தந்த அரிசியை எதிர்பார்த்து நின்றான். நெல் விளையும் எமது கரைவாகுப் பற்றிலிருந்து பார்க்கும்போது அந்தப் பசியின் கனம் நன்கு விளங்கும்.

போர் முடிந்தும் கப்பல் வரத் தாமதித்தது. 1946 ஜனவரியில் கராச்சியை அடுத்த மௌரிப்பூர்த் தளத்தில் பிரித்தானிய விமானப்படையினர் வேலைநிறுத்தம் செய்தனர். அது இந்தியாவின் பிற தளங்களுக்கும் சிங்கப்பூருக்கும், இங்கே நீர்கொழும்புக்கும் பரவியது. ஆயுதம் தாங்கிய தொழிலாளரும் வீடு திரும்பும் உரிமைக்காக ஒன்றுபட்டனர். படிப்படியாக அவர்கள் திரும்பினர். பிரித்தானியாவில் 1950 மே மாதம் பெற்றோல் பங்கீடும் நீங்கியது. கனவு கண்டவன் காலந்தாழ்த்தியேனும் வண்டியில் ஏறினான்.

பால் வெட்டியவன் என்ன ஆனான்? நலிந்த மரங்களுக்காக 1953இல் மறுநடுகை மானியத் திட்டம் வந்தது. பால் வெட்டியோருள் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர். இந்திய வம்சாவளித் தமிழரும் இருந்தனர். பின்னவருள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அவ்வநீதியின் மிச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. படைவீரன் காத்திருந்தது 3 ஆண்டும் 8 மாதமும். இத்தொழிலாளியின் பரம்பரை காத்திருந்தது 55 ஆண்டுகள்!

அரபு நாட்டிலிருந்து வந்த தந்தை வாங்கிய புதிய வண்டியைச் சுற்றி எம் மாணவர் மகிழ்ந்து நிற்கட்டும். அந்த மகிழ்ச்சி நியாயமானது. அது தந்தையின் வியர்வைக்குக் கிடைத்த பயன். அந்த வண்டியின் சக்கரத்தைத் தொடும்போது, அதற்காகப் பால் வெட்டிய கையையும் அவர்கள் நினைக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியராகிய எமது பொறுப்பு.