கிறே கணினிகளும் காலந்தாழ்ந்து வந்த முதலிடமும்

உலகின் அதிவேகக் கணினிகளைத் தரவரிசைப்படுத்தும் 'டொப் 500' பட்டியல் 1993 ஜூனில் முதன்முதலாக வெளிவந்தது. அதில் எண்ணிக்கையால் மிகுந்திருந்தவை அமெரிக்காவின் கிறே நிறுவனத்து இயந்திரங்களே. ஆனால், முதலிடத்தைப் பெற்றதோ திங்கிங் மெஷின்ஸ் நிறுவனத்தின் சி.எம்.-5. அது நிறுவப்பட்டிருந்த இடம் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம். 1976 இல் முதலாவது கிறே-1 சென்றடைந்ததும் அதே ஆய்வுகூடத்தைத்தான்.

சேமர் கிறே விஸ்கொன்சின் மாநிலத்துச் சிறுநகரொன்றில் 1925 இல் பிறந்தவர். கொன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தில் அவர் வடிவமைத்த 6600 கணினி 1963 இல் அறிவிக்கப்பட்டபோது, துப்புரவுத் தொழிலாளி உட்பட 34 பேரே உள்ள ஓர் ஆய்வுகூடத்திடம் தமது மாபெரும் நிறுவனம் எவ்வாறு தோற்றது என்று ஐ.பி.எம். தலைவர் தோமஸ் வாட்சன் தம் அதிகாரிகளிடம் கடிதம் எழுதிக் கேட்டார்.

1972 இல் கிறே சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். கிறே-1 செக்கனுக்கு 16 கோடி கணிப்புகள் வரை செய்யவல்லது. மின்சாரம் கம்பியைக் கடக்கும் நேரங்கூட வீணாகக் கூடாதென்பதற்காக, கம்பிகளின் நீளம் குறையும்படி முக்கால் வட்ட வளைவாக அதனை அமைத்தார். வெப்பத்தைத் தணிக்க பிறியோன் குளிரூட்டி. அடியில் மின்வழங்கிகளை மூடிய மெத்தையில் ஆட்கள் அமரலாம். அத்தனை விலையுயர்ந்த இருக்கை வேறெங்கும் இருந்திராது!

ஆற்றல் மிக்க சில செயலிகளே போதும் என்பது அவரது கொள்கை. வயலை உழ வலிய எருதுகள் இரண்டு வேண்டுமா, 1,024 கோழிகள் வேண்டுமா என்று அவர் கேட்டதாகச் சொல்வர். பட்டியலின் அளவுகோலான லின்பாக் சோதனையோ, மிகப் பெரிய சமன்பாட்டுத் தொகுதியொன்றைத் தீர்க்கச் சொல்வது. அதனை ஆயிரம் செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க இயலும். கோழிகளுக்கு உகந்த வயல் அது. எல்லாக் கணிப்பும் அவ்வாறு பங்கிடத்தக்கதன்று என்பதால், ஒரு சோதனையைக்கொண்டு இயந்திரத்தின் தகுதியை முடிவுசெய்வதை நான் ஏற்பதில்லை. எனினும், சந்தை கோழிகளின் பக்கமே சாய்ந்தது.

1989 இல் தாய் நிறுவனத்தை விட்டுப் பிரிந்து அவர் அமைத்த புதிய நிறுவனம், கிறே-3 இயந்திரம் ஒன்றையே ஆய்வு நிலையமொன்றுக்கு வழங்கிய நிலையில், 1995 இல் வங்குரோத்தானது. 1996 ஒக்டோபரில், வீதி விபத்தில் அடைந்த காயங்களால் கிறே காலமானார்.

கிறே என்ற பெயர் தாங்கிய இயந்திரமொன்று பட்டியலின் முதலிடத்தை எட்டியது 2009 நவம்பரில். ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தின் 'ஜகுவார்' அது. அதனுள் இருந்தவை ஏ.எம்.டி. நிறுவனம் பொதுச்சந்தைக்கு உற்பத்தி செய்த செயலிகள். அவற்றின் கருக்கள் 2,24,162.