பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி: நிறுவனர் மாதவ மேனனின் பணியும் நோக்கமும்

பெங்களூரு: பிளஸ் 2 முடித்தவுடன் சட்டம் பயில விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் 'கிளாட்' எனப்படும் பொது சட்ட நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உட்பட நாட்டில் 20-க்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. இவை அனைத்திற்கும் முன்மாதிரியாக அமைந்தது பெங்களூருவில் உள்ள இந்திய தேசிய சட்டப் பள்ளி பல்கலைக்கழகம். அதை உருவாக்கி, முதல் 12 ஆண்டுகள் வழிநடத்தியவர் பேராசிரியர் என்.ஆர்.மாதவ மேனன்.

வழக்கறிஞர் முதல் பேராசிரியர் வரை

1935-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்த மாதவ மேனன், இளம் வயதிலேயே கேரளத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். எனினும், நீதிமன்றத்தை விட வகுப்பறையே அவரை ஈர்த்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற அவர், அங்கும் பின்னர் டெல்லி பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

அக்காலத்தில் சட்டப் படிப்பு என்பது பெரும்பாலும் வேறொரு பட்டம் பெற்றவர்கள் சேரும் மூன்றாண்டுப் படிப்பாகவே இருந்தது. பல இடங்களில் மாலை நேர வகுப்புகள் நடைபெற்றன. வருகைப் பதிவிலும் கண்டிப்பு இருக்கவில்லை. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றவர்கள், மனு எழுதவும் கட்சிக்காரரிடம் விவரம் கேட்கவும் நீதிமன்றத்திற்கு வந்த பிறகே கற்றுக்கொண்டனர். அதனால் ஏற்பட்ட பாதிப்பு வழக்குத் தொடுத்த ஏழை எளியோரையே சென்றடைந்தது.

15 பருவங்கள், புதிய பாடமுறை

இந்நிலையை மாற்ற முன்மாதிரி நிறுவனம் ஒன்றைத் தொடங்க இந்திய வழக்கறிஞர் கவுன்சில் முடிவு செய்தது. ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சராக இருந்தபோது, 1986-இல் கர்நாடக சட்டமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அதன் வேந்தரானார். பொறுப்பு மாதவ மேனனிடம் ஒப்படைக்கப்பட்டது.

1988-இல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தனர். தொடக்கத்தில் சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில் வகுப்புகள் நடைபெற்றன. பின்னர் நாகரபாவியில் தனி வளாகம் எழுந்தது. ஆண்டுக்கு மூன்று பருவங்கள் வீதம் ஐந்து ஆண்டுகளில் 15 பருவங்கள் என்று படிப்பு வகுக்கப்பட்டது. சட்டத்துடன் வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. ஆய்வுக் கட்டுரை எழுதுதல், மாதிரி நீதிமன்ற வாதம், சட்ட உதவி மையப் பணி ஆகியவை பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றன.

மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துக் கற்பது போல, சட்ட மாணவர் உண்மையான பிரச்சினைகளுடன் வரும் மக்களைச் சந்தித்துக் கற்க வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. இது குறித்த கையேடு ஒன்றையும் மாதவ மேனன் தொகுத்து, 1998-இல் வெளியிட்டார்.

நீதிபதிகளுக்கும் பயிற்சி

பெங்களூருவில் இருந்து விடைபெற்ற பிறகு, கொல்கத்தாவில் உள்ள மேற்கு வங்க தேசிய நீதி அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிறுவனத் துணைவேந்தராக 2003 வரை பணியாற்றினார். தொடர்ந்து, நீதிபதிகளுக்குப் பயிற்சி அளிக்கும் போபால் தேசிய நீதித்துறை அகாடமியின் முதல் இயக்குநரானார். அரசு விளம்பரங்களை நெறிப்படுத்த உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கும் அவரே தலைமை வகித்தார். அக்குழுவின் பெரும்பாலான பரிந்துரைகளை நீதிமன்றம் 2015-இல் ஏற்றது.

2003-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மாதவ மேனன், 2019-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி தமது 84-ஆவது வயதில் காலமானார். மறைவுக்குப் பின் 2020-இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

தொடரும் கேள்வி

மாதவ மேனனின் முயற்சியால் சட்டக் கல்வியின் தரம் உயர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் எளிய குடும்பங்களுக்குப் பெரும் சுமையாக உள்ளது. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் நடத்தப்படுவதால், தாய்மொழி வழியில் படித்தவர்கள் பின்தங்கும் நிலையும் உள்ளது. பட்டம் பெறுவோரில் பலர் விசாரணை நீதிமன்றங்களை விட பெருநிறுவன சட்டப் பணிகளையே நாடுகின்றனர். ஏழைகளுக்கு நல்ல வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்ற தொடக்க நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியது என்ற கேள்வி அதனாலேயே எழுகிறது.

அதற்கான விடை தேடலும் அந்த வளாகத்தில் படித்தவர்களிடமிருந்தே வந்துள்ளது. பின்தங்கிய பின்னணி கொண்ட மாணவர்களை நுழைவுத் தேர்வுக்குத் தயார்படுத்தும் 'இடியா' திட்டத்தை 2010-இல் தொடங்கிய பேராசிரியர் ஷம்னாத் பஷீர், பெங்களூரு சட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர். 2019-இல் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற சுதிர் கிருஷ்ணசாமியும் அங்கு படித்தவரே. பிற துறைகளில் பட்டம் பெற்றவர்களுக்காக மூன்றாண்டு முழுநேர சட்டப் படிப்பும் அங்கு 2022-இல் தொடங்கப்பட்டது.