கம்பியிலிருந்து காற்றுக்கு: லினக்ஸ் இணைப்பின் கதை



லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து இணையக் கம்பியைக் கழற்றுகிறோம். சில நொடிகளில் அது தானாகவே அருகலைக்கு மாறிவிடுகிறது. "இதுல என்ன வரலாறு இருக்கு?" என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகம், தீவுகளில் இருந்த கணினிகளை வானொலி அலைகளால் இணைத்தது. அலோஹாநெட் என்பது அதன் பெயர். அந்தக் கருத்தைக் கம்பிக்குக் கொண்டுவந்து, 1973இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை முன்வைத்தார். பார்த்தீங்களா, கம்பிக்கு வழிகாட்டியதே காற்றுதான்!

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அப்போது பெரும்பாலான கணினிகள் மேசையை விட்டு நகராதவை. இணைப்பு விவரங்களை ஒருமுறை கோப்பில் எழுதி வைத்தால் போதும். 1997இல் 802.11 என்னும் கம்பியில்லாத் தரம் வந்தது. மடிக்கணினி அறைக்கு அறை நகர்ந்தது. அமைப்புக் கோப்போ நின்ற இடத்திலேயே நின்றது. இடம் மாறும்போதெல்லாம் நிர்வாகி உரிமையோடு கட்டளைகளைத் தட்ட வேண்டியிருந்தது. எல்லாராலும் இது ஆகிற காரியமா?

இந்தத் தேவைதான் 2004இல் ரெட் ஹேட் நிறுவனத்தை நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளைத் தொடங்க வைத்தது. அது வேலை செய்யும் விதம் இதுதான்: கம்பி செருகப்பட்டதா, கழன்றதா என்பதை லினக்ஸின் கருநிரல் உணர்ந்து தெரிவிக்கும். இரண்டு இணைப்பும் இருந்தால் ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண் உண்டு. இன்றைய வழக்கமான அமைப்பில் கம்பிக்கு 100, அருகலைக்கு 600. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. கம்பி கழன்றால் 100 மறையும், 600 பொறுப்பேற்கும்.

குறை இல்லாமல் இல்லை. வழி மாறும்போது கணினியின் ஐபி முகவரியும் மாறும். நடந்துகொண்டிருக்கும் பதிவேற்றம் அறுந்துபோகலாம். அதனால், மாணவர்களே, இணையத் தேர்வில் விடைத்தாளை அனுப்பிக்கொண்டிருக்கும்போது கம்பியைத் தொடாதீங்க!

வரலாற்றுக் கேள்விக்கு விடை எழுதுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். அருகலை என்ற கருவி வந்தவுடனே வசதி வந்துவிடவில்லை. இடையில் சுமார் 7 ஆண்டுகள். கண்டுபிடிப்பு ஒரு நாளில் வரலாம். அது சாதாரண மனிதருக்குப் பயன்பட, அவருடைய சிரமத்தை யாராவது கவனிக்க வேண்டும்.

சிந்தனைக்கு: உங்கள் வகுப்பறையில், கருவி வந்தும் வசதி வராமல் இருப்பது எது?